பதில்: பஸ் நேர ஆப்பில் குவிந்த இஷ்யூக்கள், 40 லேபிள்கள்

வணக்கம் நண்பரே. பொள்ளாச்சி–பாலக்காடு பஸ் நேர ஆப்பில் இஷ்யூக்கள் (பயனர்கள் எழுதும் குறை, கோரிக்கைப் பதிவுகள்) குவிந்து, அவற்றை வகை பிரிக்க ஒட்டும் லேபிள் 40-ஐத் தாண்டிவிட்டது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அழிக்காதீர்கள். கிட்ஹப்பில் (நிரல்களைச் சேர்ந்து உருவாக்கும் தளம்) லேபிளை அழித்தால் மூடிய இஷ்யூக்களிலிருந்தும் அது போய்விடும். பெயரை மாற்றினால் ஒட்டிய இடத்திலெல்லாம் புதுப் பெயர் வந்துவிடும். இரண்டை ஒன்றாக்க வேண்டுமானால், பழைய லேபிளை வடிகட்டி, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, புதியதை ஒட்டிய பிறகு பழையதை நீக்குங்கள். மூடியவற்றுக்கும் சேர்த்துத்தான்.

நீங்கள் போட்டிருக்கும் இஷ்யூ பட்டியலில் பாதி 'பக்'கே (நிரல் பிழையே) இல்லை. கொழிஞ்சாம்பாறை வழி வண்டியின் நேரம் தப்பு என்பது தரவுப் பிழை. கோடிங் தெரியாத கண்டக்டர்கூடத் திருத்தித் தரலாம். அதற்குத் தனி லேபிள், கூடவே 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவர்கள் தொடங்க ஏற்றது). குபர்நெட்டீஸ் என்ற பெரிய திறமூல மென்பொருள் திட்டத்தில் 'கைண்ட்/', 'ஏரியா/' என்று முன்னொட்டு வைப்பார்கள். உங்களுக்கு 'வகை/', 'பகுதி/' போதும். முன்னுரிமை லேபிள் வேண்டாம் என்பேன். இரண்டு பேர் பார்க்கிற திட்டத்தில் எல்லாமே 'அவசரம்' ஆகிவிடும்.

ஒரே குறையை மலையாளத்தில் ஒருவர், தமிழில் ஒருவர் எழுதுவதுதான் நிஜமான தலைவலி. மொழிக்கென்று லேபிள் போடாமல், தெளிவாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை 'டூப்ளிகேட்' என்று மூடுங்கள். மூடும்போது, வைத்துக்கொண்ட இஷ்யூவின் எண்ணையும், எழுதியவர் மொழியிலேயே ஒரு வரி நன்றியையும் போட்டுவிடுங்கள்.