பிரதி எடுத்தால் பானை குறையுமா?

கேள்வி: கல்யாணப் பத்திரிகை செய்து கொடுக்கும் சின்ன டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். மென்பொருளைப் பிரதி எடுத்தால் யார் வீட்டுப் பானையில் அரிசி குறைகிறது? அதற்குப் பதிப்புரிமையும் உரிமமும் எதற்கு? லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் அவை இல்லாமல்தானே வளர்ந்தது?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: லினக்ஸ் உரிமம் இல்லாமல் வளரவில்லை. 1992 முதல் அது ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் கீழ் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய அந்த உரிமத்தின் முதல் பதிப்பு 1989-இல் வந்தது. எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய். மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் (மென்பொருளாக எழுதிய வரிகளையும்) சேர்த்துக் கொடு என்பது அதன் சாரம். கொடுக்க மறுக்கும் நிறுவனத்தை நீதிமன்றத்தில் நிறுத்துவது எது? பதிப்புரிமைச் சட்டம்தான். அதை எடுத்துவிட்டால், ஊர் கூடி எழுதியதைப் பணமுள்ளவன் அள்ளிக்கொண்டுபோய்ப் பூட்டி வைத்துக்கொள்வான்.

ஆகவே சட்டம் வேண்டும். ஆனால் இப்போது இருக்கும் அளவுக்கு வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் மென்பொருளை இலக்கியப் படைப்போடு சேர்த்தது. எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை! கவிதைக்குச் சரி. பத்து வருடத்தில் பழசாகிப்போகும் கணக்கு மென்பொருளுக்கும் அதே அளவுகோலா?

எங்கள் இதழின் பழைய பக்கங்கள் காசு கொடுத்து, ரசீதோடு வாங்கிய ஒரு தமிழ் மென்பொருளில் செய்தவை. பிரிண்டர் கேபிள் செருகும் இடத்தில் கட்டைவிரல் அளவு 'லாக்' ஒன்றைச் செருகினால்தான் அது திறக்கும். ஒரு மழைக்காலத்தில் லாக் செத்தது. விற்ற நிறுவனம் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது. இன்று அந்தக் கோப்புகளை வேறு மென்பொருளில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கின்றன. ஆற்காட்டு நெசவாளர் ஒருவரின் பேட்டியை அச்சான இதழைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்ய மூன்று நாள் ஆனது. இழப்புக்கு எதிராகக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. லாக் போனபின் அந்தப் பிரதியை வைத்து என்ன செய்வது? நிரல் அந்த நிறுவனத்துடையது, சரி. பேட்டி எங்களுடையது அல்லவா? அதையும் சேர்த்துப் பூட்ட எந்த உரிமம் இடம் கொடுத்தாலும் அந்த வரி செல்லாது என்று சட்டம் சொல்ல வேண்டும்.

பானைக்கு வருகிறேன். பிரதி எடுப்பதால் உள்ளே இருக்கும் அரிசி குறையாது. வர வேண்டிய அரிசி வராது. அதுவும் பசிதான். தவிர, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே தொழிலுக்குப் பயன்படுத்தினால் 63பி பிரிவின்படி குறைந்தது 7 நாள் சிறை. அந்தப் பயத்தோடு கடை திறக்காதீர்கள். இங்க்ஸ்கேப் என்ற வடிவமைப்பு மென்பொருள் இலவசம், உரிமத்தோடு வருகிறது, யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழ் எழுத்துருக்களை ஏற்கும். வரும் முகூர்த்தத்துக்கு ஒரே ஒரு பத்திரிகையை அதில் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.