கொலாஜன் பவுடர் குடித்தால் சொட்டை விழுந்த இடத்தில் முடி முளைக்குமா?

டப்பா வாங்கலாமா என்ற யோசனையில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வாங்காதீர்கள். நான் டாக்டர் இல்லை. உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி போனதால் இதைத் தேடித் தேடிப் படித்தவள்.

புல்லரிக்கும்போது முடியை நிமிர்த்தும் சின்னத் தசை ஒன்று உண்டல்லவா, அது வேர்ப்பையில் வந்து சேரும் இடத்தில்தான் புது முடியை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. செல்லுக்கு வெளியே புரதங்கள் பின்னிய மெல்லிய சவ்வு ஒன்று விரிந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான் அவை ஸ்டெம் செல்கள். அந்தப் பிடிக்குத் தேவையான ஒரு புரதம் கொலாஜன் 17. டோக்கியோவில் எமி நிஷிமுரா குழு 2016இல் எலிகளில் காட்டியது இதுதான்: வயதாகி டிஎன்ஏ சேதம் கூடும்போது ஒரு நொதி கொலாஜன் 17ஐச் சிதைக்கிறது. பிடி விட்ட செல் மேல்தோல் செல்லாக மாறி, மேலேறி உதிர்ந்துவிடுகிறது. வேர்ப்பையும் சுருங்கிப்போகிறது.

இந்தக் கொலாஜனை அந்தச் செல்லே தயாரித்துத் தன் உறையில் வைத்துக்கொள்கிறது. டப்பாவில் வருவதோ பெரும்பாலும் மாட்டுத்தோல், மீன்தோலிலிருந்து எடுத்த வேறு வகை. அதுவும் குடலில் அமினோ அமிலங்களாகவும் துணுக்குகளாகவும் உடைந்துவிடும்.

“எனக்கு முளைத்ததே” என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பிரசவத்துக்கோ கடும் காய்ச்சலுக்கோ பிறகு கொட்டும் முடி, சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும். பெயர் பவுடருக்குப் போய்விடுகிறது.

எனக்கு வந்தது லைக்கன் பிளானோபிலாரிஸ். உடம்பின் எதிர்ப்புச் செல்களே ஸ்டெம் செல்கள் இருக்கும் பகுதியைத் தாக்க, அங்கே தழும்பு விழுந்துவிடும். டாக்டர் தலையில் லென்ஸை வைத்துத் திரையில் காட்டினார். மிச்சமிருந்த முடிகளின் அடியைச் சுற்றி வெள்ளைச் செதில். பக்கத்திலேயே தோல் வழவழவென்று, ஒரு துளைகூட இல்லாமல். போன இடத்தில் இனி முளைக்காது, பரவாமல் தடுக்கத்தான் மருந்து என்றார். உங்களுக்கும் அரிப்போ எரிச்சலோ இருந்து, தோல் வழவழப்பாகியிருந்தால் இந்த வாரமே தோல் டாக்டரைப் பாருங்கள்.

கல்யாண வீடுகளில் “தலைக்கு எண்ணெயே வைக்கிறதில்லையாடி?” என்று உச்சியைத் தொட்டுப் பார்ப்பவர்களைக்கூட மன்னித்துவிடுவேன். காப்பீட்டுக்காரர்களை முடியவில்லை. பயாப்ஸிக்குத் தோலை வெட்டியெடுத்துத் தையல் போட்ட பில்லை, ‘அழகு சிகிச்சை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். டாக்டர் கடிதம் கொடுத்தும் ஏற்கவில்லை. இது நோய், ரிப்போர்ட்டில் பெயரோடு எழுதியிருக்கிறது.