கேள்வி–பதில்: சான்றிதழோடு வந்த கற்கோடாலி

கேள்வி: கோஸ்டா ரிகா வந்திருக்கிறோம். பச்சைக்கல்லில் கோடாலி வடிவத் தெய்வப் பதக்கம், 80 டாலர். 'நேற்றுத்தான் தோண்டியது' என்கிறார் வழிகாட்டி. வாங்கலாமா?

பதில்: கூடாது. போலியென்றால் பணம் போச்சு, அசலென்றால் குற்றம். மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அங்கே 1938 முதல் அரசுடைமை. 1981 சட்டப்படி விற்கவும் வெளியே கொண்டுபோகவும் தடை. தலைநகர் சான் ஹோசேயில் ஜேடு (பச்சைக்கல்) அருங்காட்சியகம் இருக்கிறது, போய்க் கண்குளிரப் பாருங்கள்.

கேள்வி: கைப்பிடியில் முகம் செதுக்கிய அப்சிடியன் (எரிமலைக் கண்ணாடிக்கல்) கத்தி. பழைய மெக்சிகோவின் ஆஸ்டெக் காலமா?

பதில்: இல்லை. சுற்றுலாச் சரக்கு.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். கரீபியத் தீவுப் பழங்குடிகளான டைனோ மக்களின் ஜேடைட் (கடினமான ஜேடு வகை) கோடாலி என்று 1,200 டாலருக்கு இணையத்தில் வாங்கினேன், சான்றிதழும் உண்டு. தெரிந்தவர் பார்த்துவிட்டுப் புது வேலை என்கிறார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: அம்மா, தப்பு உங்கள் மேல் இல்லை. அந்தச் சான்றிதழில் யார் கையெழுத்து என்று பாருங்கள். விற்றவருடையதாகத்தான் இருக்கும். தன் சரக்குக்குத் தானே சாட்சி சொல்லும் இந்தக் காகிதத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 'பழைய ஐரோப்பியச் சேகரிப்பு' என்பார்கள். யாருடையது, எந்த ஊர், எந்த வருஷம்? கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் 1970 யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன்பே வெளிநாடு போனதைக் காட்டும் ஏலப் பட்டியல் உண்டா, பழைய கடிதம் உண்டா? கேட்டால் பதில் வராது.

நானும் ஜேடைட் என்று நம்பி 400 டாலர் கொடுத்தவன். வீட்டுத் தராசில் 416 கிராம். தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க முக்கினேன். 160 காட்டியது. 416-ஐ 160-ஆல் வகுத்தால் அடர்த்தி 2.6. ஜேடைட் 3.3-ஐ ஒட்டி வர வேண்டும். என்னுடையது செர்பென்டைன் என்ற மெதுவான பச்சைக்கல், பேனாக்கத்தியிலேயே கீறல் விழுந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

டைனோ கோடாலி வேறு கல்லிலும் உண்டு. ஆனால் உங்களிடம் ஜேடைட் என்றுதானே விற்றார்? இதே சோதனையைச் செய்யுங்கள். பத்து மடங்கு லென்ஸில் கீறல்களையும் பாருங்கள். மணலும் நீரும் விட்டுக் கையால் தேய்த்ததில் கீறல் நாலா பக்கமும் ஓடும். ஒரே சீராக, நெருக்கமாக ஓடினால் எந்திரம். விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்து, 'சொன்ன பொருள் இல்லை' என்று விற்றவருக்கும் கார்டு வங்கிக்கும் இன்றே எழுதுங்கள். நாள் கடத்தினால் உரிமை போய்விடும்.

கேள்வி: சந்தையில் மூன்று கோடாலி, ரொக்கம், ரசீது இல்லை. ஆளைக் காணோம்.

பதில்: ரசீது கேட்காமல் பணத்தை நீட்டுபவர்களுக்கு எத்தனை தடவைதான் எழுதுவது? இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

கேள்வி: என் மனைவியின் தாத்தா அமெரிக்காவின் ஒகையோவில் தன் நிலத்தை உழுதபோது கிடைத்த, சுற்றிலும் பள்ளம் செதுக்கிய கற்கோடாலிகள் ஒரு பெட்டி நிறைய. ஒன்று 20 டாலர் என்கிறார் வியாபாரி. கழுவிக் கொடுக்கவா?

பதில்: கழுவாதீர்கள், கொடுக்கவும் அவசரப்படாதீர்கள். காம்பைத் தோல்வாரால் கட்டிய பள்ளம் அது, தேய்மானம் அங்கேதான் பேசும். தாத்தா மையால் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா பாருங்கள். இல்லையென்றால் எந்த வயல், எந்த ஓடைக்கரை என்று மனைவியிடம் கேட்டு, ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். வியாபாரிக்கு அந்தச் சீட்டு தேவையில்லை. பக்கத்துப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறை முதலில் கேட்பதே அதைத்தான்.