‘நோ காஸ்ட் இஎம்ஐ’ முதல் காலை நேரப் பெட்ரோல் வரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: 24,000 ரூபாய் போனை மாதம் 4,000 வீதம் ஆறு மாத ‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில் தருகிறார்கள். வட்டியே கிடையாது என்கிறார் கடைத் தம்பி. நம்பலாமா சார்? – திருச்சி வாசகி

பதில்: தம்பி பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். வங்கி வட்டி வாங்காமல் கடன் தராது. பூஜ்ய வட்டித் திட்டங்களை 2013-லேயே ரிசர்வ் வங்கி கண்டித்துவிட்டது. அதனால் இப்போது கணக்கைக் கொஞ்சம் சுற்றிப் போடுகிறார்கள். ஆண்டு வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரோ கம்பெனியோ முதலில் 1,081 ரூபாய் தள்ளுபடி தருகிறார்கள். வங்கி உங்கள் பெயரில் எழுதுவது 22,919 ரூபாய்க் கடன். ஆறு மாதத்தில் அதன் மேல் வட்டியாக அதே 1,081 ஏறுகிறது. கூட்டினால் சரியாக 24,000!

இதுவரை உங்களுக்கு நஷ்டமில்லை. கிரெடிட் கார்டு தவணை என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, சுமார் 195 ரூபாய். அது உங்கள் தலையில்தான். பிராசஸிங் ஃபீ 199 என்றால் வரியோடு 235. ஆக 430 ரூபாய் போகிறது. இதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. “மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். 1,000 ரூபாய் குறைத்தால், தவணையின் உண்மையான விலை 1,430.

கையில் பணமிருந்தால் மொத்தமாகக் கொடுத்துவிடுவதே என் கட்சி. அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் கைவைக்க வேண்டிய நிலை என்றால், 430 ரூபாய் கொடுத்துத் தவணையில் வாங்குவதிலும் தப்பில்லை. நானும் எங்கள் ஃபிரிட்ஜை அப்படித்தான் வாங்கினேன்.

கேள்வி: வீட்டில் நாலு ஃபேன். எல்லாவற்றையும் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்) ஃபேனாக மாற்றினால் கரண்ட் பில் பாதியாகிவிடுமா? – மதுரை வாசகர்

பதில்: பாதியாகாது. நாலையும் மாற்றவும் வேண்டாம். சாதாரண ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி 30 வாட் சுமாருக்கு இழுக்கும். மிச்சம் 45 வாட். படுக்கையறை ஃபேன் தினமும் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத ரீடிங்கில் 40 யூனிட் குறையும். யாராவது வந்தால் மட்டும் போடுகிற முன்னறை ஃபேனில், நாளுக்கு நாலு மணி நேரமே ஓடினாலும் 11 யூனிட் கூட மிஞ்சாது. அதை அப்படியே விடுங்கள், கெட்டுப்போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் ரீடிங் 510, 520 என்று நிற்கிறதா? அப்படியென்றால் இந்த 40 யூனிட்டுக்குத் தனி மதிப்பு. தமிழ்நாட்டில் 500 யூனிட்டை ஒன்று தாண்டினாலும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கிற சலுகை போய்விடும். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கும் லாபம்தான். கரண்ட் போனால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் வீட்டில் ஃபேனை மாட்டிய எலக்ட்ரீஷியன் பழைய ரெகுலேட்டரைக் கழற்றாமல் போய்விட்டார். என் அம்மா பழக்கதோஷத்தில் அதை மூன்றில் வைப்பார், நான் ரிமோட்டில் ஐந்தில் வைப்பேன். பதினைந்தே நாளில் ஃபேன் சிணுங்க ஆரம்பித்தது. ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேராக சுவிட்சில் இணைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் வாங்கினேன். என் போன் பேட்டரி 5,000. இரண்டு தடவை ஏற வேண்டாமா? ஒன்றேகால் தடவைதான் ஏறுகிறது. ஏமாந்துவிட்டேனா? – கோவை வாசகர்

பதில்: இல்லை. உள்ளே இருக்கும் செல்லின் அழுத்தம் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். அந்த 10,000 என்பது செல் கணக்கு. 5 வோல்ட்டுக்கு மாற்றினால் 7,400 ஆகிவிடும். மாற்றும்போது சூடாக வீணாவது, போனுக்குள் வீணாவது எல்லாம் போக ஒன்றேகால் தடவை நியாயமான கணக்குதான். பின்பக்கம் கண்ணாடி போட்டுப் படிக்கிற எழுத்தில் ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று இன்னொரு எண் இருக்கும். அடுத்த முறை அதை ஒப்பிட்டு வாங்குங்கள்.

கேள்வி: விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும், 100-க்குப் பதில் 110-க்குப் போட வேண்டும் என்கிறாரே என் மச்சான்? – சேலம் வாசகர்

பதில்: மச்சான் பேச்சைக் கேட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு டிகிரி குளிர்ந்தால் பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பது உண்மை. ஆனால் பங்க்கில் டேங்க் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அங்கே வெப்பம் அவ்வளவாக மாறாது. 110 என்றாலும் 100 என்றாலும் அளப்பது அதே மீட்டர். சந்தேகம் இருந்தால் ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: பெரிய பாட்டில்தானே எப்போதும் மலிவு? – நாகர்கோவில் வாசகி

பதில்: ஷாம்புவில் மட்டும் அதை நம்பாதீர்கள் அம்மா! பல பிராண்டுகளில் ஒரு மில்லி கணக்கில் பார்த்தால் சின்னப் பாக்கெட்தான் மலிவு. பாட்டிலில் எம்ஆர்பி பக்கத்தில் ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி விலையையும் இப்போது அச்சடிக்க வேண்டும் என்பது விதி. சின்னப் பாக்கெட்டின் விலையை அதன் மில்லியால் வகுத்து, கடையிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்கிற வழக்கத்துக்கு முன்னோடி நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியாகத் தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. குப்பையில் சேரும் காலிப் பாக்கெட்டுகளை நினைத்தால் எனக்குப் பாட்டில் பக்கம்தான் மனசு போகிறது. பர்ஸ் வேறு சொல்கிறது, என்ன செய்ய?

கேள்வி: எல்லா விலையும் ஏன் 99-இல் முடிகிறது? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: 999 என்று பார்த்ததும் நம் கண் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு ‘தொள்ளாயிரத்துச் சொச்சம்’ என்று நினைத்துவிடும். செக் நாட்டில் இப்படி ஒன்பதில் முடியும் விலைக்குப் ‘பாட்டா விலை’ என்றே பெயர், நம் ஊரிலும் செருப்பு விற்கும் அதே பாட்டாதான். மிச்ச ஒரு ரூபாய்க்கு மிட்டாய் தந்த காலம் போய், யுபிஐயில் இப்போது 999-ஐ அப்படியே அனுப்பிவிடுகிறோம்.