பைபாஸ் அறுவையில் அப்பாவின் இதயத்தைக் காக்க ஆண்டிஆக்சிடன்ட் சாறு கொடுக்கலாமா?

வேண்டாம். நேரடி விற்பனைக்காரர் கொண்டுவந்த மங்குஸ்தீன் சாற்றை அறுவைக்கு முன் அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். இங்கே கோப்பிக்கடையில் உட்கார்ந்தால் அதே பாட்டிலை என்னிடமே விற்கப் பார்க்கிறார்கள்.

இதயத்தை நிறுத்தினால் ஆக்சிஜன் இல்லாமல் தசை செத்துவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சாகாமல் இருக்கத்தான் நிறுத்துகிறோம். பெருந்தமனியில் கவ்வி போட்டதும், இதயத்தின் சொந்த ரத்தக் குழாய்களுக்குள் பொட்டாசியம் மிகுந்த குளிர்ந்த கரைசலைச் செலுத்துவோம். துடிப்பு அடங்கிவிடும். ரத்தமின்றி, துடிப்பின்றி இருக்கும் இதயத்துக்கு வழக்கமான ஆக்சிஜனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போதும். குளிர் அந்தத் தேவையையும் குறைக்கும். பெரும்பாலும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை போலக் கரைசலை மறுபடி கொடுப்பார்கள்.

உண்மையான கண்டம் கவ்வியை எடுக்கும்போது வருகிறது. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தின் கதவைச் சட்டென்று திறந்தால், கனன்றுகொண்டிருந்த நெருப்பு காற்றுப் பட்டுக் குப்பென்று எரியும். பட்டினி கிடந்த செல்லுக்குள் ரத்தம் திரும்பும் முதல் சில நிமிடங்களிலும் அப்படித்தான்: செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து, ஆக்சிஜனில் உருவாகும் சூப்பர்ஆக்சைடு போன்ற தீவிர மூலக்கூறுகள் பீறிட்டுச் செல் சவ்வைத் தாக்கும், கால்சியம் உள்ளே குவியும், துடிப்பு தாறுமாறாகும்.

இதற்கான காவல் அறுவை மேசையிலேயே நடக்கிறது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க இதய அறுவை நிபுணர் ஜெரால்ட் பக்பர்க்கின் குழு, கரைசலில் நோயாளியின் ரத்தத்தையே கலக்கும் முறையைப் பரவலாக்கியது. அந்த மூலக்கூறுகளை அடக்கும் ஆண்டிஆக்சிடன்ட்களான கேட்டலேஸ், குளூட்டாதயோன் எல்லாம் சிவப்பணுக்களில் இயல்பாகவே இருக்கின்றன. கடையில் வாங்க வேண்டியதில்லை. கவ்வியை எடுக்கும் முன் வெதுவெதுப்பான ரத்தக் கரைசலை ஒருமுறை விடுவதும், எடுத்த பின் அழுத்தத்தைச் சற்றுக் குறைத்து வைத்து மெல்ல ஏற்றுவதும் உண்டு. ஆக்சிஜனை அளவுக்கு மேல் கொடுக்காமல் பார்த்துக்கொள்வதும் என் வேலையாக இருந்தது. பலருக்கு இது வியப்பாக இருக்கும்.

வாயால் குடிக்கும் சாறு இந்த வேலையைச் செய்யும் என்பதற்கு நம்பத்தக்க சான்று எதையும் நான் பார்த்ததில்லை. ஆண்டிஆக்சிடன்ட் மாத்திரையின் கதையும் பெரிதல்ல: 9,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஹோப் ஆய்வு 2000-இல் வெளிவந்தது, மாரடைப்பையோ இதய மரணத்தையோ வைட்டமின் இ குறைக்கவில்லை. அதிக அளவில் எடுத்தால் ரத்தக் கசிவுதான் கூடலாம். அப்பா ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இன்னும் கவனம் தேவை.

வெளிநாட்டுக்குப் போகலாமா என்ற யோசனையும் தேவையில்லை. மலேசியப் பிரதமராக இருந்த மகாதீரே 1989-இல் கோலாலம்பூரில்தான் பைபாஸ் செய்துகொண்டார்.

அப்பா புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பாட்டிலை ஏற்கெனவே வாங்கியிருந்தால், மயக்க மருந்து நிபுணரைப் பார்க்கும் நாளில் மற்ற மாத்திரைகளோடு அதையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஆஸ்பிரினை எப்போது நிறுத்துவது, நிறுத்த வேண்டுமா என்பதையும் அவர்களே சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.