பெட்டியைத் தூக்கி எறியலாமா? – கேள்வி பதில்

கலைப்பொருள்களையும் அவற்றைக் காக்கும் படச்சட்டம், பெட்டி, உறை ஆகியவற்றையும் பற்றி மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர் வட்டத்துக்கு வந்த கேள்விகளுக்கு, அருங்காட்சியகப் பொருள்களைப் பொதிந்து அனுப்பும் பணியிலிருந்து ஓய்வுபெற்ற எங்கள் உறுப்பினர் எழுதிய பதில்கள்.

ஐயா, எங்கள் பாட்டி லயத்து வீட்டில் மாட்டியிருந்த ரவிவர்மா லட்சுமி படத்தின் சட்டத்தைக் கரையான் அரித்துவிட்டது. பழைய சட்டத்தை எறிந்துவிடலாம் என்று படக்கடைக்காரர் சொல்கிறார். எறியலாமா? – குவாலா கங்சார் வாசகி

அவசரப்பட வேண்டாம், அம்மா. ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் வீடுகளுக்கு வந்த பிறகு, அவற்றில் பலவற்றின் மேல் துணியும் ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டி அலங்கரித்தார்கள். உங்கள் படம் அந்த வகையானால், தேவியின் சேலை மடிப்பு கண்ணாடியில் பட்டு நசுங்காதபடி சட்டத்தையும் ஆழமாகவே செய்திருப்பார்கள். இன்று கடையில் கிடைக்கும் தட்டையான சட்டத்தில் அதை அடைத்தால் அலங்காரம் அமுங்கிப்போகும். சட்டத்தைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தையும் பாருங்கள். பலகைத் துண்டு, துருப்பிடித்த சிறு ஆணிகள், சட்டம் போட்ட கடையின் சீட்டு, அடியில் மடித்து வைத்த செய்தித்தாள் என்று ஏதேனும் இருக்கும். படம் எந்த ஊரில், ஏறத்தாழ எந்த ஆண்டில் சட்டமிடப்பட்டது என்பதற்குப் பெரும்பாலும் அவற்றை விட்டால் வேறு சான்று இராது.

பிரித்தெடுத்தால் பொருளின் தோற்றமோ வரலாறோ குறைந்துபோகுமானால், அதை வெறும் உறை என்று ஒதுக்கக் கூடாது. நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் இதுதான். அதற்காக எல்லாவற்றையும் ஒன்றாகவே வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. செய்தித்தாளில் உள்ள அமிலம் படத்தின் தாளைப் பழுப்பாக்கும் என்பதால், அதை எடுத்துத் தனி உறையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள். அரித்த சட்டத்தைப் புகைப்படம் எடுத்து, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டித் தனியே வைத்துவிட்டு, புதுச் சட்டத்தை அதே ஆழத்தில் செய்யச் சொல்லுங்கள்.

ஜப்பானில் வேலை செய்த என் மகன் ஒரு தேநீர்க் கிண்ணத்தை மரப்பெட்டியோடு வாங்கி வந்தான். மூடியில் மையால் ஏதோ எழுதியிருக்கிறது. கிண்ணம் அலமாரியில் இருப்பதால், பெட்டியில் தையல் சாமான்களை வைத்துக்கொள்ளலாமா? – ஈப்போ வாசகி

தயவுசெய்து வேண்டாம். கிண்ணத்தோடு சேர்ந்து வரும் அந்தப் பெட்டியைத் 'தோமோபாகோ' என்பார்கள். அது 'கிரி' என்னும் மிக இலேசான மரத்தால் ஆனது. ஈரக் காற்றில் அந்த மரம் சற்றே உப்பி மூடியை இறுக்குவதால், உள்ளே ஈரம் சட்டென்று ஏறாது. மூடியில் உள்ள எழுத்து பெரும்பாலும் பாத்திரத்தின் வகையையும், செய்தவர் பெயரையும் சொல்லும். அருகில் சிவப்பு முத்திரையும் இருக்கலாம். கிண்ணத்தைச் செய்தவரே தம் கையால் எழுதிய சான்று அது என்பதால், பெட்டியை இழந்த கிண்ணத்தின் மதிப்பு குறைந்துவிடும். பெட்டி தொலைந்த பழைய பாத்திரத்தை, செய்தவரின் வழித்தோன்றலோ அத்துறை வல்லுநரோ பார்த்து, புதுப் பெட்டியில் எழுதித் தருவதும் உண்டு.

பெயர்பெற்ற பழைய தேநீர்ப் பாத்திரங்களுக்குப் பட்டுப் பை, உட்பெட்டி, வெளிப்பெட்டி என்று அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கும். அந்தப் பட்டுப் பைகளில் சில, நெசவின் அருமைக்காகவே போற்றப்படுகின்றன.

தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். ரப்பர் ஷீட்டுகளைப் பேலாக, அதாவது பெரும் பொதியாகக் கட்டும்போது மேலேயும் ரப்பர் ஷீட்டையே சுற்றி, வெள்ளைப் பூச்சுப் பூசுவோம். கலையில் அப்படி உண்டா? – சுங்கை சிப்புட் வாசகர்

அருமையான கேள்வி, ஐயா. சுற்றும் ஷீட்டும் உள்ளிருக்கும் ஷீட்டின் தரத்துக்குக் குறையக் கூடாது என்பது பன்னாட்டு ரப்பர் வணிகத்தின் விதி. தொழிற்சாலைக்குப் போனதும் அதுவும் சரக்காகிவிடும். கலையில் இதற்கு மிக நெருங்கி வருவது, மார்செல் துஷாம்ப் என்னும் கலைஞர் 1935 முதல் 1941 வரை உழைத்து உருவாக்கிய கைப்பெட்டி. தம் படைப்புகளின் சிறு பிரதிகளை அவர் அதற்குள் அடுக்கினார். பெட்டியைத் திறந்து தட்டிகளை விரித்தால் அதுவே ஒரு சிறு காட்சிக்கூடமாக நிற்கும். எடுத்துச்செல்லும் பெட்டியையும் படைப்பையும் அங்கே பிரிக்கவே முடியாது.

பொதிந்து அனுப்புவதே ஒரு கலைப்படைப்பின் கருவாக அமைந்ததுண்டா? – பீடோர் மாணவர்

உண்டு, தம்பி. எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு வாலிட் பெஷ்டி என்னும் கலைஞரின் கண்ணாடிப் பெட்டிகள். ஃபெட்எக்ஸ் நிறுவனத்தின் அட்டைப்பெட்டிக்குள் சரியாகப் பொருந்தும் அளவில் கண்ணாடிப் பெட்டி செய்து, போதிய பாதுகாப்பு எதுவும் வைக்காமல், காட்சிக்கூடத்துக்கு அந்த நிறுவனத்தின் வழியாகவே அனுப்பினார். வழியில் கண்ணாடி விரிசல் காணும். ஆனால் அது அடுக்குக் கண்ணாடி என்பதால் சிதறிப்போவதில்லை. கூடத்தில் அட்டைப்பெட்டியையும் கண்ணாடியையும் சேர்த்தே வைப்பார்கள். மறுபடி அனுப்பும்போது புது விரிசல்கள் சேரும். அனுப்பிய நாளும் சரக்கு எண்ணும் படைப்பின் தலைப்பில் ஏறும். சேதமில்லாமல் கொண்டு சேர்ப்பதையே கடமையாகக் கொண்ட எங்கள் தொழிலில், அட்டைப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தாலே அறிக்கை எழுதுவோம். இங்கே அந்த நசுங்கலையும் அப்படியே பேண வேண்டும்.

வார்ஹோலின் சோப்புப் பெட்டிகள் வெறும் அட்டைப்பெட்டிகள்தாமே? – தைப்பிங் வாசகர்

இல்லை. 1964இல் அமெரிக்கக் கலைஞர் ஆண்டி வார்ஹோல் காட்சிக்கு வைத்த, பிரில்லோ என்னும் பாத்திரம் துலக்கும் சோப்புப் பஞ்சின் பெயர் தாங்கிய பெட்டிகள், மரப்பலகையில் செய்து பட்டுத்திரை அச்சிட்டவை. கடைக்கு வந்த உண்மையான அட்டைப்பெட்டியை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹார்வி. அவரும் ஓர் ஓவியரே. அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம் என்று நினைக்கிறேன். 1965இல் வார்ஹோலின் பெட்டிகளைக் கனடாவுக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது, சுங்கத்துறை அவற்றைச் சிற்பமாக ஏற்காமல் வணிகச் சரக்காகக் கணக்கிட்டு வரி கேட்டது.

கோயில் மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசத்தைக் கலைப்பொருளாகக் கருதலாமா? – சுங்கை சிப்புட் வாசகி

கட்டாயம் கருதலாம். அந்தத் திருமேனிக்கென்றே அளவெடுத்து, தகட்டைத் தட்டித் தட்டி உருவம் எழுப்பிய கைவேலை அது. பழுதாகிவிட்டது என்று உருக்கக் கொடுக்குமுன், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து, எடையையும் உபயதாரர் பெயரையும் எழுதிவைக்கும்படி நிர்வாகத்தாரிடம் சொல்லுங்கள்.

எண்ணெய் வண்ண ஓவியத்தைக் குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி வைக்கலாமா? – ஈப்போ வாசகர்

நேரடியாகச் சுற்றக் கூடாது. நம் நாட்டு வெப்பத்தில் வண்ணப்பூச்சு இளகி, குமிழ்களின் வட்டத் தடம் அதில் பதிந்துவிடும். முதலில் அமிலமற்ற வழுவழுப்பான தாளால் மூடி, அதன் மேல் குமிழ்கள் வெளிப்புறம் பார்க்கும்படி சுற்றுங்கள். ஊர் போய்ச் சேர்ந்த அன்றே பிரித்துவிடுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.