நிறம்: பார்க்கவில்லை

வணக்கம் ஐயா,

அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர். பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் ஆவாரையைக் ‘கேசியா’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். எங்கள் பாடத்தில் அது ‘சென்னா’. இப்படிப் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தால் எதை நம்புவது? என் ஆச்சி நூறு செடிக்குப் பெயர் சொல்வாள். அவள் சொன்ன ஒரு பெயரும் இதுவரை மாறவில்லை. வெள்ளைக்காரன் வைத்த பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? புல், மரம் என்று முதலில் பிரித்ததே தொல்காப்பியர்தானே? எனக்கு வகைப்பாட்டியல் படிக்க ஆசை. டி.என்.ஏ. வந்த பிறகு அதற்கு எதிர்காலம் இல்லை என்கிறார்கள். படிக்கலாமா? கூடவே ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். மலைப்பக்கம் போனபோது பார்த்த அழகான மஞ்சள் பூ. இது என்ன பூ? புதிய இனமாக இருக்குமா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள மகளுக்கு,

பெயர்களைப் பற்றி இவ்வளவு நீளக் கடிதம். அடியில் பெயர் போடாதீர்கள் என்று ஒரு குறிப்பு. சரி, போடவில்லை. என் பேத்தி வயது என்பதால் நீ என்றே எழுதுகிறேன்.

முதல் குட்டு எனக்கு. ஆவாரை சென்னாதான். நான் படித்தபோது அது கேசியா. 1982-ல் இர்வின், பார்னபி என்ற இருவர் கேசியா என்ற பெரிய கூட்டுக்குடும்பத்தைப் பாகம் பிரித்து மூன்று பேரினமாக்கினார்கள். சென்னா என்பது அவர்கள் புதிதாக வைத்த பெயரும் இல்லை. 1754-லேயே மில்லர் என்பவர் எழுதியது. தூசி தட்டி எடுத்தார்கள். நான் அதற்குள் படிப்பை முடித்து வங்கி வேலைக்குப் போய்விட்டேன். யாரும் எனக்குத் தந்தி கொடுக்கவில்லை.

ஆனால் ஏன் மாற்றினார்கள், எதைப் பார்த்துப் பிரித்தார்கள் என்று உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. தாவரவியல் படிக்கிற பிள்ளை பெயரோடு சண்டை போடுகிறது, பூவைத் திறந்து பார்க்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

பிரித்த பிறகும் கேசியாவிலேயே நின்றது கொன்றை. சித்திரையில் அது பூக்கும்போது கீழே உதிர்ந்து கிடக்கும் பூ ஒன்றை எடு. மகரந்தத்தாள் பத்து. அதில் மூன்று மட்டும் தனி ரகம். நீண்டு கீழே இறங்கி, வில்லாக வளைந்து மறுபடி மேலே எழும்பும், தேள் கொடுக்கைத் தூக்கினாற்போல. இப்போது ஆவாரம்பூ. இங்கேயும் பத்துதான். ஆனால் மேலே இருக்கும் மூன்றும் மலடு. கீழே உள்ளவை பெரியவை. எதிலும் அந்த வளைவு கிடையாது. மகரந்தப்பையின் நுனியை லென்ஸில் பார்த்தால் ஊசி குத்தினாற்போலத் துளை இருக்கும். மகரந்தம் வெளியே வர அதுதான் வாசல். கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைக்கும். காது கொடுத்துக் கேள்: அது பறக்கும்போது வருகிற சத்தம் இல்லை, சுருதி வேறு. உப்புக் குப்பியைக் குலுக்கினாற்போல மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, வண்டுக்கு அதுதான் கூலி. அப்புறம் காய். கொன்றையில் உருண்ட தடி, கறுத்துப்போய் வெடிக்காமல் தொங்கும். ஆவாரையில் தட்டையாக, காகிதம்போல.

இத்தனை வேறுபாட்டையும் ஒரே பெயருக்குள் திணித்து வைத்திருந்தது பழைய தப்பு. பிரித்தது திருத்தம்.

அப்புறம், ஆவாரையின் கடைசிப் பெயர் அவுரிகுலேட்டா. காதுடையது என்று பொருள். இலைக்காம்பு தண்டில் சேருகிற இடத்தைப் பார். இரண்டு பக்கமும் சின்னக் காதுமடல்போல இலையடிச்செதில் நிற்கும். ஆவாரைக்குக் காது உண்டு என்று அந்தப் பெயரை வைத்த லின்னேயஸுக்குத் தெரிந்திருக்கிறது. ஆவாரைக் காட்டுக்குள் ஆடு மேய்த்து வளர்ந்த எனக்குப் பதினெட்டு வயதில் ஒருவர் காட்டித்தான் தெரிந்தது.

சென்னா என்றதும் இன்னொன்று. திருநெல்வேலியின் பெயர் கடல் தாண்டிப் போனது அல்வாவால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்பே பேதி மருந்தால் போய்விட்டது. நிலாவாரை இலை தூத்துக்குடியில் கப்பலேறி, ‘டின்னெவெல்லி சென்னா’ என்று மேல்நாட்டு மருந்து நூல்களில் ஏறியது. செடி என்னவோ அரேபியப் பக்கத்திலிருந்து வந்தது. நம் மானாவாரி நிலத்தில் நன்றாக விளைந்து நம் பெயரை எடுத்துக்கொண்டது. எகிப்திலிருந்து போனது ‘அலெக்சாண்டிரியா சென்னா’. இரண்டும் வேறு இனம் என்று வெகுகாலம் எழுதினார்கள். இப்போது ஒன்றாகவே வைக்கிறார்கள். இதற்காக நம் ஊர்க்காரர் யாரும் கொடி பிடித்ததாகத் தெரியவில்லை.

ஆச்சிக்கு வருகிறேன். அவள் பெயர்கள் மாறவில்லை என்கிறாய். உன் ஊருக்குள் மாறவில்லை. அவள் கண்வலிக்கிழங்கு என்பதை இன்னொரு ஊரில் கலப்பைக்கிழங்கு என்பார்கள், உன் தமிழாசிரியர் காந்தள் என்பார். மூன்றும் ஒரே கொடி. மாறாக, மஞ்சள்காமாலைக்குக் கட்டிக் கொடுக்கும் கீழாநெல்லியில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் கலந்து வருவது உண்டு. புத்தகத்திலும் இந்தக் குழப்பம் இருந்தது. பில்லாந்தஸ் நிரூரி என்று நெடுங்காலம் எழுதினார்கள். அது அமெரிக்கப் பக்கத்துச் செடி, இங்கே முளைப்பதே இல்லை. நம் கீழாநெல்லி பில்லாந்தஸ் அமாரஸ். அந்தப் பெயரையும் மாற்றாமல் வைத்திருக்கலாமா?

ஆனால் ஆச்சியிடம் நீ கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லை. எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டாயா? என் ஆச்சி எந்தச் செடியையும் பார்த்தவுடன் பெயர் சொல்லமாட்டாள். கிள்ளுவாள், மோந்து பார்ப்பாள், இலையைத் திருப்பி அடிப்பக்கம் பெருவிரலால் தடவுவாள். “சொணை இருக்கு, அது இல்லடா இது” என்பாள். சுணை, காறல், துவர்ப்பு, பச்சை வாடை, பால் வடிவது, பால் வடியாதது. அவள் கொடுத்த சொத்து அந்த நூறு பெயர் மட்டும் என்று நினைத்தால் நீ ஏமாந்தாய்.

வெள்ளைக்காரன் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் 1830-களில் குற்றாலத்தில் செடி சேகரித்தார். அவர் வெளியிட்ட 2,000-க்கும் மேற்பட்ட படங்களில் பெரும்பாலானவற்றை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம் நாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் வைத்தார். பின்னால் அது வேறொரு பேரினத்தோடு சேர்க்கப்பட்டு அந்தப் பெயர் வழக்கொழிந்தது. கோபப்படுவதென்றால் அதற்குக் கோபப்படு, நானும் வருகிறேன். மற்றபடி, அகத்தியமலைப் பக்கம் சீத்தா குடும்பத்து மரம் ஒன்றுக்கு மிலியுசா திருநெல்வேலிகா என்று பெயர். வைத்தவர்கள் நம் ஆட்கள்தான்.

தொல்காப்பியர்? “புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப.” வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம். அந்தக் கணக்கில் நம் ஊர்ப் பனை மரமே இல்லை, புல். பனையை அறுத்த தடியில் ஓரம் கோடாலிக்கு மசியாது, நடு சோறுபோல இருக்கும். யாரோ வெட்டிப் பார்த்து, உள்ளே தொட்டுப் பார்த்துச் சொன்ன சூத்திரம் அது. நாம் அதை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். வெட்டிப் பார்ப்பதை நிறுத்தி வெகுநாள் ஆயிற்று.

டி.என்.ஏ.வைப் பற்றி ஒரே வரி: உன் செடியின் டி.என்.ஏ. துணுக்கு எதனோடு ஒத்துப்போகிறது என்று இயந்திரம் சொல்லும், அந்த ‘எது’ சரியான பெயரோடு ஏதாவது ஒரு ஹெர்பேரியத் தாளில், அதாவது உலர்த்திய செடியை ஒட்டிப் பாதுகாக்கும் தாளில், ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டுவதற்கு ஆள் வேண்டும். வேலை கிடைக்குமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. முப்பது வருஷம் வங்கியில் அடுத்தவர் பணத்தை எண்ணியவன் நான்.

ஹெர்பேரியத் தாள் என்று எழுதியதும் எங்கள் சார் வந்து நிற்கிறார். பாளையங்கோட்டையில் எனக்குத் தாவரவியல் எடுத்தவர். வேதக்கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், ஆனால் கழுத்தில் சிலுவை கிடையாது. கறுப்புக் கயிற்றில் பத்து மடங்கு லென்ஸ் தொங்கும். 1978 டிசம்பரில் எங்களைக் களக்காட்டுக்கு மேலே செங்கல்தேரிக்குக் கூட்டிப்போனார். மழை. அட்டை காலில் ஏறுவதைக் குனிந்து பார்க்கவும் நேரமில்லை. செடியைப் பறித்தவுடன், அதை அழுத்தி வைக்கும் முன்னால், நின்ற இடத்திலேயே நோட்டில் எழுத வேண்டும் என்பது அவர் சட்டம். எண், தேதி, இடம், செடியின் உயரம், பூவின் நிறம், வாசனை. “காஞ்சா போறத முதல்ல எழுதுலே” என்பார். இலையும் காம்பும் தாளில் நூறு வருஷம் இருக்கும். நிறம் நாலு நாளில் பழுப்பாகிவிடும்.

நான் எழுதவில்லை. நோட்டு நனைகிறது என்று பைக்குள் போட்டுவிட்டேன். செடியைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, விடுதியில் தினமும் தாள் மாற்றி, இஸ்திரிப் பெட்டியால்கூட ஒத்தி எடுத்து உலர்த்தினேன். இரண்டு வாரம் கழித்து லேபிள் எழுத உட்கார்ந்தேன். கையில் இருந்தது குறிஞ்சி வகையில் ஒன்று. நிறம் என்ற இடத்தில் ‘நீலம்’ என்று எழுதினேன். நல்ல கையெழுத்து வேறு.

சார் தாளைப் பார்த்தார். லென்ஸை எடுத்தார், கீழே விட்டார்.

“நீலமால?”

“ஆமா சார்.”

“பாத்தியா?”

நான் பேசவில்லை.

“குறிஞ்சின்னு தெரிஞ்சதும் நீலம்னு போட்டுட்ட. என்ன?”

அவருடைய நோட்டைப் புரட்டிக் காட்டினார். அதே இடம், அதே தேதி. வெள்ளை, தொண்டையில் ஊதாக் கோடுகள் என்று இருந்தது. என்னோடு நின்றுதான் அவரும் அந்தச் செடியைப் பார்த்திருக்கிறார். என் லேபிளை மட்டும் கிழித்தார், செடியைத் தொடவில்லை. “புதுசா எழுது. என் நோட்டப் பாத்து எழுதக்கூடாது.”

அப்படியானால் நிறத்துக்கு என்ன போடுவது என்று கேட்டேன்.

“பாக்கலன்னு போடு.”

நிறம்: பார்க்கவில்லை. எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். என் கையெழுத்தோடு அந்தத் தாள் இன்னும் ஏதோ ஒரு அலமாரியில் நாப்தலின் வாசனையோடு கிடக்கும் என்று நினைக்கிறேன். அதன் பிறகு நாற்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். ‘பெயர் தெரியாத காட்டுப்பூ’ என்று மூன்று கதைகளில் எழுதியிருக்கிறேன். மூன்றிலும் பெயர் தெரியாதது பிரச்சினை இல்லை, அந்தப் பூவையே நான் பார்த்ததில்லை. இதற்கு எந்த விமர்சகரும் என் லேபிளைக் கிழிக்கவில்லை.

2011 முடியும்வரை ஒரு புது இனத்தை வெளியிட லத்தீனில் விவரணை இருந்தே ஆக வேண்டும். 2012 முதல் ஆங்கிலமும் செல்லும். தமிழ் செல்லாது. செல்லாவிட்டால் என்ன, நீ முதலில் தமிழில் எழுது. வார்த்தை இல்லை என்று சாக்குச் சொல்லாதே. இலையின் நுனி கூர்த்ததா மழுங்கியதா, அடி சமமா ஏறுமாறா, விளிம்பில் பல் உண்டா, மேலே வழுவழுப்பா, கீழே பூனைமயிரா, சுணையா? உன் ஆச்சியும் ஊர்த் தச்சரும் தினமும் பேசுகிற வார்த்தைகள்தாம். ஒரு பூவை முழுசாக ஒரு பக்கம் எழுதிவிட்டால் எந்தக் கதைக்காரனுக்கும் நீ பாடம் எடுக்கலாம், என்னையும் சேர்த்துத்தான்.

இப்போது உன் படம். ‘அழகான மஞ்சள் பூ.’ அழகான என்பது உன்னைப் பற்றிய தகவல், பூவைப் பற்றியது இல்லை. மலைப்பக்கம் என்றால் எந்த மலைப்பக்கம்? பாபநாசமா, மணிமுத்தாறா? என்றைக்கு? படத்தில் ஒரு இலைகூட இல்லை. பூவும் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. இதை வைத்து நான் மட்டுமல்ல, எங்கள் சார் இருந்தாலும் பெயர் சொல்லமாட்டார். “மாட்டுக்குப் போடு, வைக்கல்” என்பார்.

அதனால் ஆச்சிக்கு நடக்க முடியுமானால் கூட்டிக்கொண்டு அதே இடத்துக்குப் போ. காப்புக்காட்டுக்குள் இருந்தால் பறிக்காதே, அனுமதி வேண்டும். குனிந்து பார்க்கலாம், மோந்து பார்க்கலாம். ஆச்சியிடம் பெயர் கேட்காதே. அவள் என்னென்ன செய்கிறாள், என்ன சொல்கிறாள் என்று அப்படியே எழுது. இலைக்காம்புக்கு அடியில் காது இருக்கிறதா என்று பார். மகரந்தத்தாளை எண்ணு, எண்ண வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுது. மழை பிடிக்கிறதற்குள் போய் வா. நோட்டை மட்டும் பைக்குள் போட்டுவிடாதே.